வாடகை ஏறாத அறை

"வாப்பா, வாடகைய விடுங்க. நான் பாத்துக்கொள்றன்."

வியாழக்கிழமை இர்ஷானா இப்படிச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்ததிலிருந்து ஏறாவூரில் அந்த வீட்டுக்குள் ஒருவரோடு ஒருவர் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளவில்லை. இருபத்தொரு வயதுப் பெண். கோலாலம்பூரில் மருந்தாளர் படிப்பின் இரண்டாம் வருஷம். கையில் சம்பாத்தியம் இல்லாதவள் வாடகையை எதை வைத்துப் பார்த்துக்கொள்வாள்?

றுக்ஷானா அதைக் கணவரிடம் கேட்கவில்லை. மீராலெவ்வையும் மனைவியிடம் கேட்கவில்லை. இருவர் மனதிலும் இருந்தது அந்த ஒரு கேள்விதான்.

திங்கட்கிழமை காலை அவர் வங்கிக்குப் போய் வந்தார். நோன்பு மாதத்து வெயில் முற்றத்தில் கொதித்தது. மோட்டார் சைக்கிளை மாமரத்தின் கீழ் நிறுத்திவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றக்கூட மனமில்லாமல் அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"என்னவாம்?"

"டொலர் இல்லையாம். படிக்கிற புள்ளைகளுக்கு அனுப்பலாமாம், ஆனா எங்களுக்கு முந்தி நிறையப் பேர் நிக்கிறாங்களாம். எப்ப எண்டு அவங்களுக்கே தெரியாது."

"அந்த வீட்டுக்காரி கொஞ்சம் குறைக்க மாட்டாவா? நாட்டு நிலமையச் சொன்னா?"

"எந்த நாட்டு நிலம? அவட நாட்டில என்ன நடந்த?" மீராலெவ்வை தலைக்கவசத்தைக் கழற்றினார். "போன வருஷமும் எழுநூறு ரிங்கிட். இந்த மாசமும் எழுநூறு ரிங்கிட். அங்க ஒரு சதம் ஏறல்ல, புள்ள. இஞ்ச எங்கிட ரூபாதான் விழுந்து கிடக்கு."

அதுதான் றுக்ஷானாவுக்குச் செரிக்கவில்லை. அதே அறை. அதே கட்டில். வீட்டுக்காரி ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் ஜனவரியில் முப்பத்தையாயிரம் ரூபாய்க்குள் முடிந்த வாடகை இப்போது ஐம்பதாயிரத்தையும் தாண்டிவிட்டது. அரிசி விலை ஏறினால் கஞ்சியைத் தண்ணியாக்கலாம். எரிவாயு இல்லையென்றால் விறகு பொறுக்கலாம். ஒரு அறையை எப்படித் தண்ணியாக்குவது? பாதிக் கதவையும் பாதிக் கூரையையும் வாடகைக்கு எடுக்க முடியுமா?

மீராலெவ்வையின் துணிக் கடையிலும் வியாபாரம் இல்லை. பெருநாளுக்குச் சாரமும் சேலையும் எடுக்க வரும் சனம் இந்த வருஷம் பெற்றோல் வரிசையில் நின்றது. நெய்கிறவர்களுக்குக் கொடுக்க நூல் இல்லை. இந்திய நூலும் டொலரைத்தான் கேட்டது.

"மகளக் கூப்பிடுவம்," என்றார் மீராலெவ்வை.

றுக்ஷானா நிமிர்ந்தாள். "என்ன சொல்றீங்க? பாதிப் படிப்பிலயா?"

"இன்னும் ரெண்டு வருஷம் கிடக்கு. அதுக்குள்ள இந்த ரூபா எங்க போய் நிக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்?"

"படிக்கத்தானே அனுப்பின?"

"ஓம், படிக்கத்தான் அனுப்பின. அந்நிய நாட்டில ரோட்டில படுக்க அனுப்பல்ல."

அவள் பதில் சொல்வதற்குள் அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வழி ஒன்று இருக்கத்தான் செய்தது. அது இருவருக்கும் தெரியும். அந்த வழியின் பெயரை அந்த வீட்டில் மூன்று வருஷமாக யாரும் உச்சரிப்பதில்லை.

ஸஹீதா. றுக்ஷானாவின் ஒரே தங்கை. புருஷன் விட்டுவிட்டுப் போன கையோடு, மூன்று வயது மகன் றிப்ஷானை ராத்தாவின் மடியில் இருத்திவிட்டுக் கட்டாருக்கு விமானம் ஏறியவள். முதலில் வீட்டு வேலை, இப்போது தோஹாவில் ஒரு மருத்துவ நிலையத்தில் துப்புரவுப் பெண்களுக்கு மேற்பார்வை. றிப்ஷானுக்குப் பதினெட்டாகிவிட்டது. அவன் 'உம்மா' என்று கூப்பிடுவது றுக்ஷானாவைத்தான். தோஹாவில் இருப்பவள் அவனுக்கு 'ஸஹீதா உம்மா.'

மூன்று வருஷத்துக்கு முன் விடுமுறையில் வந்தவள் மகனைத் தன்னோடு அழைத்துப் போகக் கேட்டாள். றுக்ஷானாவுக்கு நெஞ்சு பற்றிக்கொண்டது. "பெத்தவ எல்லாம் உம்மாவா?" என்று கேட்டுவிட்டாள். "நான் அனுப்பின சல்லியிலதான் ராத்தா இந்த வீட்டு அடுப்பு எரிஞ்ச," என்று அவளும் திருப்பிக் கொடுத்தாள். அதைக் கேட்டுக்கொண்டு நின்ற மீராலெவ்வை, "இனி இவட ஒரு ரியாலும் இந்தப் படி ஏறப்படாது," என்று சொல்லிவிட்டார். அன்றோடு சரி. வெள்ளிக்கிழமைகளில் றிப்ஷான் முற்றத்து மூலையில் நின்று பெற்றவளோடு கதைப்பதை மட்டும் றுக்ஷானா கண்டும் காணாதவளாக இருந்தாள்.

நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு அவள் மகளுக்கு வீடியோ அழைப்பு எடுத்தாள். மின்சாரம் போய்விட்டிருந்தது. போனில் இருந்த கொஞ்சச் சார்ஜ் போதும் என்று நினைத்தாள்.

இர்ஷானாவின் முகம் வந்தது. கன்னம் ஒட்டியிருந்தது.

"நோன்பு எப்படி மகள்?"

"நல்லம் உம்மா. இஞ்ச மழை."

"ஜன்னலத் திற, மழையப் பாப்பம்."

இர்ஷானா போனைத் திருப்பவில்லை. "வெளிச்சம் காணாது உம்மா."

"நான் தைச்சுத் தந்த நீலத் திரைச்சீலை எங்க? ஒண்ட முதுகுக்குப் பின்னால இரிக்கிறது மஞ்சள்."

இர்ஷானா போனை இன்னும் முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள். மழை மட்டும் கேட்டது.

"இர்ஷானா."

"அந்த ரூம நான் மார்ச்சிலயே விட்டுட்டன் உம்மா."

றுக்ஷானா பாயில் உட்கார்ந்தாள். "விட்டுட்டு?"

"ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல. அங்க வேல செய்ற பொம்புளைகள் படுக்கிற இடம். பின்னேரத்தில நானும் கோப்பை கழுவினன். அதால வாடகை கேக்கல்ல." சொல்லத் தொடங்கியவள் நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். "வாப்பா நூல் வாங்க வெச்சிருந்த சல்லிய எனக்கு அனுப்பினாரு, அதுக்கு முந்தின மாசம். எனக்குத் தெரியும். அதுக்குப் புறகு எப்படிக் கேக்கிற?"

"வேல செய்யக் கூடாதே மகள். படிக்கிற விசாவில."

"பிடிச்சா அனுப்பிருவாங்க. அதுக்குத்தான் சாச்சி எனக்கு ஏசினா."

"எந்தச் சாச்சி?"

"எனக்கு எத்தின சாச்சி, உம்மா?"

றுக்ஷானா எழுந்து அறைக் கதவைச் சாத்தினாள்.

"இது சாச்சி பிடிச்சுத் தந்த ரூம். கம்பஸுக்குக் கிட்ட. சுத்தமான இடம். அவ தோஹாவில இருந்து நேர அனுப்புறா. அங்க ரியாலும் அசையல்ல, இஞ்ச ரிங்கிட்டும் அசையல்ல. அவவுக்கு இந்த ரூம் போன வருஷமும் ஒரே விலை, இப்பவும் ஒரே விலை. எங்களுக்குத்தான் உம்மா எட்டாத விலை."

"வாப்பாக்குத் தெரிஞ்சா…"

"தெரியப்படாது எண்டுதான் சொல்லல்ல. ஒங்களுக்கும் தெரியப்படாது எண்டு சாச்சிதான் சொன்னா. 'ராத்தாட மனசு குறுகிப் போகும்' எண்டா."

அதோடு போன் அணைந்துவிட்டது. சார்ஜ் தீர்ந்ததா, மகள் துண்டித்தாளா என்று தெரியவில்லை.

மனசு குறுகத்தான் செய்தது. அந்தக் கடை மாடியை அவள் நினைத்துப் பார்த்தாள். தெரியாத பெண்களுக்கு நடுவே, சோப்புத் தண்ணீரில் ஊறிய கையோடு சுருண்டு கிடக்கும் தன் பிள்ளை. இங்கே தான் கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த நாட்களில்! அவளை அங்கிருந்து எழுப்பி, கதவுள்ள ஒரு அறைக்குள் கொண்டுபோய் விட்டது தன் கை இல்லை. 'பெத்தவ எல்லாம் உம்மாவா' என்று யாரிடம் கேட்டாளோ, அவளுடைய கை.

பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கிட்ட றிப்ஷான் மண்ணெண்ணெய் வரிசையிலிருந்து வெறும் கலனோடு திரும்பினான். உயர்தரப் பரீட்சை எழுதி முடித்ததிலிருந்து அவனுக்கு வரிசையில் நிற்பதே தொழிலாகிவிட்டது. நெடுத்து, மெலிந்து, ஸஹீதாவின் அதே பெரிய கண்.

"இர்ஷானாட கதைய நீ ஆருக்குச் சொன்ன?"

அவன் கலனைக் கீழே வைத்தான். "உம்மாக்கு."

"எனக்கு எங்க நீ சொன்ன?"

சொன்ன பிறகுதான் அவளுக்கு விளங்கியது. அவனுக்கும் விளங்கியது. அவன் முகம் சிவந்தது.

"ஸஹீதா உம்மாக்கு," என்று திருத்தினான்.

றுக்ஷானா சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "என்னட்டச் சொல்லியிருக்கலாமே மகன்."

"சொன்னா நீங்க வாப்பாட்டச் சொல்லியிருப்பீங்க. வாப்பா இர்ஷானா ராத்தாவ இஞ்ச கூப்பிட்டெடுத்திருப்பாரு." குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. நடந்திருக்கக்கூடியதைச் சொன்னான். அது உண்மையாகவும் இருந்தது. "ராத்தா போன்ல அழுதா உம்மா. அவ அழுது நான் ஒருநாளும் கேட்டதில்ல. எனக்கு வேற ஆரையும் தெரியா."

விறகடுப்பை ஊதப் போனவளின் பின்னால் வந்து நின்றான். "இன்னொண்டும் இரிக்கி."

"சொல்லு."

"நோன்பு திறந்துட்டுச் சொல்றன்."

பாங்கு சொன்னபோது மீராலெவ்வை வரவில்லை. பள்ளிவாசலில் நோன்பு திறப்பார் என்று நினைத்துக்கொண்டு இருவரும் பேரீச்சம்பழம் எடுத்தார்கள். கஞ்சியில் உப்புக் கூடிப்போயிருந்தது. றிப்ஷான் மிச்சம் வைக்காமல் குடித்தான். மஃரிப் தொழுது எழுந்ததும் அவள் அவனிடம் கையை நீட்டினாள்.

"ஒண்ட போனத் தா. தோஹாவுக்கு எடு."

அவன் எடுத்துக் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டான்.

"மகன்?" என்றது ஸஹீதாவின் குரல். பின்னால் வாளி இழுபடும் சத்தம்.

"நான்."

வாளிச் சத்தம் நின்றது.

"ராத்தா." ஒரு கதவு சாத்துப்படும் சத்தம் கேட்டது. "ராத்தா, நல்லா இரிக்கீங்களா?"

"நீ இன்னும் நோன்பு திறக்கல்ல."

"இஞ்ச இன்னும் வெயில் போகல்ல. வேல முடிய நேரமிரிக்கி."

றுக்ஷானா நேரே விஷயத்துக்கு வந்தாள். "இர்ஷானா சொன்னா," என்றாள்.

"சொல்ல வேணாம் எண்டன். கேக்க மாட்டாள்."

"நான் ஒனக்குத் திருப்பித் தருவன் ஸஹீதா."

"எதில? ரூபாயிலயா?"

சுரீரென்றது. அதை ஸஹீதாவும் உணர்ந்திருக்க வேண்டும். உடனே குரல் இறங்கியது. "ராத்தா, நான் குத்திக் கதைக்கல்ல. இஞ்ச எங்களோட வேல செய்ற ஊர்ப் பொம்புளைகள் எல்லாம் சந்தோசப்படுறாங்க, ரியாலுக்கு இப்ப கூட ரூபா கிடைக்குதாம் எண்டு. எனக்குச் சந்தோசமா இல்ல. எங்கிட வீடு விழுறதால என்ட கை உசருது. அது என்ன உசரம்?"

றுக்ஷானா சுவரில் சாய்ந்தாள்.

"என்ட மகன் பதினைஞ்சு வருஷம் ஒங்கிட வீட்டில தங்கினான். ஒருநாள் நீங்க அவன்ட சோத்துக்குக் கணக்குக் கேக்கல்ல. ஒங்கிட மகள் ரெண்டு வருஷம் நான் பிடிச்சுக் குடுத்த வீட்டில தங்கட்டும். அதுக்கு ஏன் இப்படி அழுறீங்க?"

"நான் அழல்ல."

"ஓம், அழல்ல." தங்கையும் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, ஒரு பாரத்தைத் தூக்கப் போகிறவள் போல மூச்செடுத்தாள். "ராத்தா, ஒண்டு கேக்கணும். றிப்ஷானுக்கு இஞ்ச ஒரு வேல பாத்திரிக்கன். எங்கிட இடத்திலயே, மருந்துச் சாமான் வைக்கிற அறையில. விசாவும் வந்திட்டுது. பெருநாளைக்குப் புறகு அனுப்புங்க."

றுக்ஷானா சுவரை விட்டு நிமிர்ந்தாள். இதுதான். இதற்குத்தான் அந்த அறை.

"வாடகைக்கு மகனா, ஸஹீதா?"

கேட்ட கணமே வார்த்தையை விழுங்க நினைத்தாள். முடியவில்லை. அந்தப் பக்கம் யாரோ அரபியில் எதற்கோ கூப்பிட்டார்கள். ஸஹீதா அவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.

"அப்படி நினைக்காதீங்க," என்றாள் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "நீங்க அவன அனுப்பினாலும் அனுப்பாட்டியும் அந்தப் புள்ளைக்கு வாடகை போகும். அது வேற, இது வேற. அவன்ட மனசில என்ன இரிக்கி எண்டு எனக்குத் தெரியா. நான் அவன வற்புறுத்தல்ல. நீங்களும் வற்புறுத்தாதீங்க. அவ்வளவுதான் ராத்தா. கூப்பிடுறாங்க, வெக்கிறன்."

றுக்ஷானா போனைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். தங்கை ஒரு விலை சொல்லியிருந்தால் நன்றாயிருக்கும். சண்டை பிடிக்கலாம், பேரம் பேசலாம், 'ஒண்ட சல்லி வேணாம் போ' என்று மூன்று வருஷத்துக்கு முன் கணவர் சொன்னதையே மறுபடியும் சொல்லலாம். விலையே சொல்லாதவளிடம் என்ன சொல்வது?

றிப்ஷான் உள்ளே வந்தான். குப்பி விளக்கின் வெளிச்சத்தில் அவன் அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தான்.

"சொல்லிட்டாவா?"

"சொன்னா. நீ சொல்ல இருந்ததும் இதுதானா?"

"ஓம்." அவன் அவளுக்கு எதிரே குந்தினான். "நான் போறன் உம்மா. நீங்க யோசிக்க வேணாம். நான் போகல்ல எண்டா ராத்தாட ரூம் போயிரும். ரெண்டு வருஷம்தானே. அவ படிச்சு முடிச்சதும் நான் ஓடி வந்திருவன்."

ஆக, அவனும் அப்படித்தான் கணக்குப் போட்டிருக்கிறான். தன்னை ஒரு வாடகையாக.

ஒரு வார்த்தை போதும், அவன் நின்றுவிடுவான். உண்மையைச் சொன்னால் மகளுக்கு அறையும் கிடைக்கும், மகனும் வீட்டில் இருப்பான். இரண்டும் தனக்கே. ஒன்றும் கேட்காமல் கொடுத்தவளுக்குத்தான் ஒன்றும் மிஞ்சாது. சொல்லாமல் விட்டால் அவன் போவான், ஆனால் விற்கப்பட்டவனாகப் போவான். போன இடத்தில் பெற்றவளை அந்தக் கண்ணோடுதான் பார்ப்பான்.

றுக்ஷானா குப்பி விளக்கின் திரியைக் கொஞ்சம் தூண்டினாள். அது தேவையே இல்லாத வேலை.

"இல்ல மகன். நீ போனாலும் போகாட்டியும் அவ வாடகை கட்டுவா. என்னட்டச் சொன்னா. நீ விரும்பினாப் போ. விருப்பமில்லாட்டி இரி. ஆரும் ஒண்டும் சொல்ல மாட்டம்."

அவன் நம்பாதவன் போலப் பார்த்தான். "அப்படியா சொன்னா?"

"அப்படித்தான்."

அவன் தரையில் கிடந்த பேரீச்சங்கொட்டை ஒன்றை விரலால் உருட்டினான். அவள் மனதுக்குள் துஆ ஓடியது. என்ன கேட்பதென்று தெரியாத துஆ.

"அப்ப நான் உண்மையாவே போறன் உம்மா," என்றான்.

"ஏன்?" அவளை மீறி வந்தது.

"கட்டாயத்தில போறதெண்டா, அவவோட கதைக்காம வேலயச் செஞ்சிட்டு வரலாம் எண்டு இருந்தன்." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "ஒண்டும் கேக்காமக் குடுக்கிற ஆள் எண்டு எனக்குத் தெரியாதே. வெள்ளிக்கிழமையில வாற ஒரு குரலத்தானே எனக்குத் தெரியும். என்னப் பெத்த ஆள நான் ஒருக்காப் பாக்கணும் உம்மா. கிட்ட இருந்து."

அவள் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மூன்று வயதில் காய்ச்சலோடு சாய்த்த அதே தலை. இப்போது தோளுக்கு மேல் உயர்ந்திருந்தது. அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் ஒரு பக்கம் பிய்த்துக்கொண்டு போனது, இன்னொரு பக்கம் எதுவோ இலேசானது.

படலை திறக்கும் சத்தம் கேட்டது. மோட்டார் சைக்கிள் சத்தம் இல்லை. மீராலெவ்வை நடந்து வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஆனால் பல நாளுக்குப் பிறகு முகத்தில் ஒரு தெளிவு.

"வண்டி எங்க?" என்றாள் றுக்ஷானா.

"குடுத்திட்டன். ஓட்டமாவடி ஆள் ஒருத்தர் கையோட சல்லி தந்தாரு. பெற்றோல் இல்லாத ஊரில எனக்கு அது என்னத்துக்கு?" செருப்பைக் கழற்றிவிட்டுக் கதிரையில் அமர்ந்தார். "மகள்ற கவலைய விடு. டிக்கட் போட்டாச்சு. வெள்ளிக்கிழம புள்ள வீட்டில நிப்பா."

றிப்ஷான் எழுந்து நின்றான்.

"அவளிட்டக் கேட்டீங்களா?" என்றாள் றுக்ஷானா.

"என்னத்தக் கேக்கிற? கேட்டா வேணாம் எண்டுதான் சொல்லுவா. படிப்ப நிப்பாட்டுறம் எண்டு அவள்ற கம்பஸுக்கும் அறிவிச்சாச்சு. டிக்கட் போட்ட இடத்திலயே இங்கிலீசில நல்லா எழுதி அனுப்பித் தந்தாங்க." மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு மட்டும் ஆசையா புள்ள? என்ட மகள் ஆர்ற வீட்டு வாசல்லயும் நிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

றுக்ஷானா வாய் திறக்குமுன் றிப்ஷானின் போன் ஒளிர்ந்தது. அது இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

இர்ஷானா.

அறிவித்தல் அதற்குள் அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது போலும்.

"தா, நானே சொல்றன்," என்று மீராலெவ்வை கையை நீட்டினார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் நீட்டிய கையில் கேட்டதைக் கொடுத்தே பழகியவள் றுக்ஷானா. இன்று கொடுக்கவில்லை. போனை மார்போடு அணைத்துக்கொண்டு, அவருக்கு எதிரே இருந்த கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"முதல்ல நான் சொல்றதக் கேளுங்க," என்றாள்.

போன் அவள் கைக்குள் அடித்துக்கொண்டே இருந்தது.